வலை ஏற்றாமல் போன வள்ளங்கள்

மக்கா, மணப்பாட்டுக்கு மீன் வாங்கப் போய் வெறும் பையோடு வந்த கதையைக் கேளுங்கள்.

மணல் குன்றின்மேல் பழைய சிலுவைக் கோயில் நிற்கிறது. கீழே கரையில் ஒரு வள்ளம்கூட இல்லை. பெண்கள் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இன்னைக்கு மீனு கெடையாது அண்ணாச்சி," என்கிறார் ஒரு அம்மா. "நேத்து போன வள்ளம் ஒண்ணு திரும்பல. அத்தன பேரும் வலைய எறக்கி வச்சிட்டுத் தேடப் போயிருக்காவ. ஆளு கெடைக்குற வரைக்கும் இங்கன யாரும் தொழிலுக்குப் போவ மாட்டாவ."

"காணாமப் போனவரு உங்க சொந்தமா?"

"நல்லா கேட்டிய! மூணு வருசமா அவுகளுக்கும் எங்களுக்கும் பேச்சே கெடையாது. ஆனா எங்க வீட்டுக்காரவதான் மொதல்ல கெளம்பிப் போனாவ."

மதியம் அவருடைய கணவரின் வள்ளம் வருகிறது. எஞ்சின் பழுதான இன்னொரு வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து வருகிறது. காணாமல் போனவர் அதில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். கயிற்றை அவிழ்த்ததும் ஆண்கள் இருவரும் முகம் பாராமல் ஆளுக்கொரு பக்கம் நடக்கிறார்கள்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு நான் மட்டும் வயலுக்குப் போனேன். நம்மோடு வரப்புச் சண்டை போட்ட பக்கத்து வயல்காரரின் மோட்டார் ஒரு வாரமாக ஓடவில்லை. அவர் மிளகாய்ச் செடிகள் வாடிக் கிடந்தன. மண்வெட்டியை எடுத்து, நம் வாய்க்காலை அவர் பக்கம் வெட்டிவிட்டேன்.