எல்லாவற்றுக்கும் அஞ்சு

ஆசிரியப் பயிலுநர்களான நாங்கள், எங்கள் கணினித் திறனுக்கு ஐந்துக்கு எத்தனை என்று நாங்களே புள்ளி போட்டு இன்றைக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும். குறைத்துப் போட்டால் சனிக்கிழமை மேலதிக வகுப்பு.

கல்முனையில் இணைய வேலைகள் செய்து தரும் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனேன். என்னோடு படிக்கும் நண்பி முன்னால் நின்றாள். கடைக்கார அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா, கேள்விகளை வாசித்து வாசித்து அவளுக்காக நிரப்பிக்கொண்டிருந்தார்.

"'இணையப் படிவங்களைப் பிறர் உதவியின்றி நிரப்புவேன்.' இதுக்கு எத்தின தங்கச்சி?"

"அஞ்சு போடுங்க ராத்தா."

ராத்தா சிரிக்கவில்லை. போட்டார்.

நான் மனதுக்குள் சிரித்தேன். நான் வீட்டிலேயே என் கையால் நிரப்பியவள். எல்லாவற்றுக்கும் ஐந்து. அனுப்பியதற்கான மின்னஞ்சல்தான் வரவில்லை. போனை நீட்டினேன்.

"கடைசிப் பக்கத்தில அனுப்புற பட்டன அமத்தல்லியே தங்கச்சி."

அவரே அமத்தினார். மின்னஞ்சல் வந்தது.

"நீங்க உங்களுக்கு எத்தின போடுவீங்க ராத்தா?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு போடலாம். எக்செல் இன்னும் முழுசாத் தெரியா."

வீட்டுக்கு வந்தால் வகுப்பு வாட்ஸ்அப்பில் அறிவித்தல். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டவர்கள்தான் சனிக்கிழமை வகுப்பை நடத்த வேண்டுமாம்.

ராத்தாவுக்குச் சனிக்கிழமை கடை லீவா, யாருக்காவது தெரியுமா?