ஒரே ஒரு தெருவில் ஓடாத கார்

எங்கள் கார் எல்லாச் சாலையிலும் ஓடும். எங்கள் ஊரின் பெரிய தெருவில் மட்டும் ஓடாது. அந்தத் தெருமுனை வந்ததும் நைனா எஞ்சினை நிறுத்திவிடுவார். எல்லாரும் இறங்கிவிடுவோம். நைனா தன் பட்டாளத்து பூட்சைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு பக்கம் தள்ளுவார். என் தாய்மாமா பின்னாலிருந்து தள்ளுவார். அம்மா தம்பியை இடுப்பில் இடுக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக வருவாள். நானும் என் பங்குக்குப் பின்பக்கத்து இரும்பில் கை வைத்துத் தள்ளுவேன். பிள்ளையார் கோயிலைத் தாண்டி, கடைசி வீட்டையும் தாண்டியதும் நைனா பூட்சை மாட்டிக்கொண்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிடும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏரிப் பக்கமாக உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. ஊருக்கு அப்பால் வயலோரத்தில் எங்கள் சேரி. சேரியிலிருந்து கல்கத்தா ரோட்டுக்கு வண்டி போகிற வழி அந்தத் தெரு ஒன்றுதான். நான் அப்போது நான்காம் வகுப்பு. கார் ஏன் அங்கே மட்டும் நின்றுவிடுகிறது என்று நைனாவைக் கேட்டிருக்கிறேன். "எஞ்சினு சூடாயிடுச்சிம்மா. கொஞ்சம் ஆறட்டும்" என்றார். வீடு திரும்பும்போது அது சரியாகத்தான் பட்டது. காலையில் கிளம்பிய ஐந்தாவது நிமிஷமே எப்படிச் சூடாகும் என்பது இடித்தது. வயதான கார், காலையில் தூக்கம் கலைய நேரமாகும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

கார் எங்களுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். யுத்தத்தின்போது பர்மா எல்லையில் லாரி ஓட்டியவர் நைனா. ஊர் திரும்பியபின் பொன்னேரியில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தார். முதலாளி புதுக் கார் வாங்கியதும் பழைய சீமைக் காரை உமிக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்கள். பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டன. ஒருநாள் மெட்ராஸிலிருந்து காயலான் கடைக்காரர் சம்மட்டியோடு வந்து இறங்கினார். உடைத்து, நிறுத்து, ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவர் சொன்ன அதே இரும்பு விலைக்கு வண்டியைத் தனக்குக் கொடுக்கும்படி நைனா கேட்டாராம். முதலாளி சிரித்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். நைனா பணத்தை எண்ணிக் கொடுத்தார். இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். உயிரில்லாத அந்த வண்டியை மாடுகள் பெரிய தெரு வழியாக இழுத்து வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா இரண்டு நாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரை மாற்ற வைத்திருந்த பணம் அப்படிப் போனதில் அவளுக்கு ஆற்றாமை. "ஊடு ஒழுவுது. பழைய இரும்ப இட்டாந்து வாசல்ல நிறுத்திக்கினு கீற" என்றாள். நைனா அமைதியாகச் சொன்னார்: "ஓடாத வரைக்கும்தான் இரும்பு. ஓடிச்சின்னா வண்டி."

அதை வண்டியாக்க ஏழு மாதம் பிடித்தது. மில் வேலை முடிந்து வந்து தினமும் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். அவர் கால்கள் இரண்டும் வெளியே தெரியும். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் நான் அந்தக் கால்களிடம்தான் பேசுவேன். ஓட்டையாகிப் போன தரைக்குப் பனம்பலகை வைத்தார். கிழிந்த கூரைக்குப் பட்டாளத்துத் தார்ப்பாய். சீட்டுக்குள் தேங்காய் நார். மெட்ராஸில் இருந்த பட்டாளத்துச் சிநேகிதர்கள் ஆளுக்கொரு பழைய சாமானாகத் தேடிக் கொடுத்தார்கள். எஞ்சின் முதன்முதலாக உயிர் பெற்ற அன்று சேரியில் ஒரு கோழிகூடத் தரையில் இல்லை. கரும்புகை அடங்கியபின் எல்லாரும் வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மாவும் வந்தாள். முந்தானையால் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நைனா மில் வேலையை விட்டுவிட்டு, ஏரிக்கரையிலிருந்து மீன் கூடைகளை ஏற்றிக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். எவ்வளவு கழுவினாலும் சீட்டில் இறால் வாசனை போகாது. பள்ளிக்கூடத்தில் அந்த வாசனை என் பாவாடையிலும் அடிக்கும். அது எங்கள் கார் வாசனை என்பதில் எனக்கு ஏகப் பெருமை.

காரைக் கல்கத்தா ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வரலாமே என்று மாமா பல தடவை சொல்லிப் பார்த்தார். நைனா அதற்கு மட்டும் ஒப்பவில்லை. வண்டி தன் வாசலில் நிற்க வேண்டும் அவருக்கு. ஆகவே தினமும் இரண்டு வேளை தள்ளினார்கள். தெருவின் நடுவீட்டில் இருந்த பெரியவர் ஒருவர், வேப்பங்குச்சியும் வாயுமாக நின்று அதை வேடிக்கை பார்ப்பார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். "இன்னாடா டிரைவரு, இன்னும் எத்தினி நாளு இத்த தள்ளினு இருப்பே? காயலான் கடையில போட்டுட்டு வேற வேலயப் பாரு" என்று தவறாமல் சொல்வார். "ஆவட்டுங்க ஐயா" என்று தவறாமல் சொல்வார் நைனா. பெரியவருக்கு எங்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் அந்தத் தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் முன்வரிசை, நான் கடைசி. எங்கள் கார் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே மூச்சில் ஓடும் என்று ஒருநாள் நான் அளந்துகொண்டிருந்தபோது அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அது செத்த கார், பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நாலு பேர் சேர்ந்து தள்ளுவதைத் தினமும் வாசலிலிருந்து பார்க்கிறேன், என் அப்பாகூட அது இரும்புதான் என்று சொன்னார் என்றாள். அவள் பார்த்தது உண்மை. நான் சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்க அழுதுகொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் எனக்குப் புதுநன்மை கொடுப்பதாக ஏற்பாடு. மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாகச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும் நாள் அது. எளாவூரில் இருந்த அத்தை வெள்ளைக் கவுன் தைத்து அனுப்பியிருந்தாள். மாமா மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வெள்ளை ஷூ வாங்கி வந்திருந்தார். சேரியில் பெண்பிள்ளை ஒருத்தி ஷூ போட்டது அதுதான் முதல் தடவை. தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவத்தி. முன் சீட்டில் நைனாவுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள்.

இரவெல்லாம் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. பெரிய தெருவில் கணுக்கால் அளவுக்குச் சேறு. தெருமுனையில் வழக்கம்போல நைனா எஞ்சினை நிறுத்தினார். மாமா பின்பக்கம் போய்விட்டார். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். ஷூவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்படி என்னிடம் சொன்னாள்.

நான் இறங்கவில்லை.

"எஞ்சினு சூடாவல நைனா. இப்பத்தான கெளம்பினோம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் கேட்டதை அதுவரை யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன். "நம்ம காரு செத்த காராம். பொணத்த தூக்கினு போறாமாரி தள்ளினு போறோமாம். இன்னிக்கி ஒரு வாட்டி ஓட்டிக்கினே போ நைனா. அதுக்கு உசிரு கீதுன்னு பாக்கட்டும்."

"கொயந்த எதுவோ ஒளறுது. நீ எறங்கு" என்று அம்மா நைனாவைப் பார்த்துச் சொன்னாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

நைனா என் ஷூவைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பாதி கழற்றியிருந்த தன் பூட்சை மறுபடியும் மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

மாமா முன்பக்கம் ஓடி வந்தார். "மாமா, அந்தத் தெருவுல நம்மாளு எவன் வண்டியில ஒக்காந்து போயிருக்கான்?" என்று நைனாவைக் கேட்டார்.

"எவனும் போவல" என்றார் நைனா. "ஏறு மச்சான்."

நம்மவர்களில் யாருக்கும் கார் இருந்ததில்லை, அதனால் யாரும் போகவில்லை, இதில் மாமா பதறுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா தம்பியோடு மறுபடி ஏறிக்கொண்டாள். நைனா ஹேண்டிலைப் போட்டு ஒரே சுற்றுத்தான் சுற்றினார். எத்தனையோ நாள் ஐந்தாறு தடவை சுற்ற வைத்திருக்கிறது. அன்றைக்கு முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மாமா படியில் தொற்றிக்கொண்டார்.

முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் போனோம். நைனா ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின் சத்தத்துக்கே ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்துவிட்டது. பால் செம்போடு வந்த ஒருத்தர் அப்படியே நின்றுவிட்டார். வேப்பங்குச்சிப் பெரியவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். கட்டுமஸ்தான ஆள் ஒருவர் தெரு நடுவில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நைனா நிறுத்தவும் இல்லை, வேகம் கூட்டவும் இல்லை. வண்டி அவரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இடிக்க ஒரு முழம் இருக்கும்போது அவர் ஒதுங்கினார். அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். மெழுகுவத்தியைத் தூக்கிக் காட்டினேன். அவள் கையை ஆட்டுவதற்குள் யாரோ அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சேறு தெறிக்கும் என்று பயந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பின்னால் ஏதோ கத்தினார்கள். எனக்கு எஞ்சின் சத்தம் ஒன்றுதான் காதில் இருந்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

கோயிலில் நன்மை வாங்கியபோதுகூட நான் காரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தை அடுத்த வாரமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்ததும் நைனா வீட்டுப் பக்கம் திருப்பாமல் கல்கத்தா ரோட்டில் வடக்கே ஓட்டினார். எளாவூரில் அத்தை வீட்டில் எங்களை இறக்கிவிட்டு, நாலு நாள் இருங்கள் என்று சொல்லிவிட்டு மாமாவோடு திரும்பிப் போனார். புதுநன்மைக்கு எனக்குக் கிடைத்த விருந்து அது என்று குதித்தேன். மாற்றுத் துணி கொண்டுவராததில் எனக்குச் சந்தோஷம்தான். வெள்ளைக் கவுனையே நாலு நாளும் போட்டுக்கொண்டு, ஷூவோடு எளாவூர் முழுக்கச் சுற்றினேன். அம்மா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றாள். அம்மாவுக்கு லாரி பார்ப்பதில் இவ்வளவு ஆசையா என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை எனக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தாள்.

அந்த நாட்களில் ஊரில் நடந்தது எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்து, எனக்கே பிள்ளைகள் பிறந்தபின். அன்று மத்தியானம் நைனாவும் மாமாவும் திரும்பியபோது தெருவில் கல் விழுந்திருக்கிறது. அப்போதும் நைனா வண்டியை நிறுத்தவில்லை. காரை உடைத்துக் காயலான் கடைக்குப் போட வேண்டும், நைனா தெருவில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஊரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நடவுக் காலம். மறுநாள் சேரியிலிருந்து ஒரு ஆளும் வயலில் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இறங்கவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் காரில் ஒருநாள்கூட உட்கார்ந்தவர்கள் இல்லை. அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தவர்கள். மூன்று நாள் பிள்ளைகளுக்குக் கஞ்சித்தண்ணீரைக் கொடுத்துவிட்டு அந்தக் காரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் நாற்றங்காலில் நாற்று முற்றிப்போகவே, பெரியவரே ஆள் அனுப்பினாராம்: "வண்டியில போறவன் போவட்டும். நடவுக்கு வாங்க."

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் காலையில் நைனா வந்தார். காரின் முன்கண்ணாடி இல்லை. ஒரு விளக்கும் இல்லை. நைனாவின் நெற்றியில் துணிக்கட்டு.

"மரத்துக் கெள ஒடிஞ்சி மேல உழுந்துடுச்சிம்மா" என்றார். கண்ணாடி இல்லாதது நல்லதுதான், காற்று நன்றாக வருகிறது என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். அம்மா அந்தத் துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டிவிட்டாள்.

பெரிய தெருமுனையில் நைனா நிறுத்தவில்லை. அம்மா செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் ஒரு தடவைகூட இருமாமல், பிள்ளையார் கோயிலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஓடியது. இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். சேற்றுக் கையோடு, முழங்கால் வரை சேறோடு, வரப்பில் ஏறி எங்கள் காரோடு கூடவே ஓடி வந்தார்கள்.

எங்கள் வாசலில் கார் நின்றபோது அவர்கள் எல்லாரும் சுற்றி நின்று அழுதார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சேற்றுக் கையாலேயே என் வெள்ளைக் கவுனைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். காரும் நன்றாகத்தானே ஓடி வந்து நிற்கிறது, பிறகு எதற்கு இத்தனை பேர் இப்படி அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.