அவளுக்காகக் கொடுத்த ரத்தம்

சாரல் தொடங்கிவிட்டால் வீட்டுக் குளியலறை எங்களுக்கு ஆகாது. தென்காசியிலிருந்து காலையிலேயே ஐந்தருவிக்குப் பஸ் ஏறிவிடுவோம். அங்கே ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. குளித்து முடித்ததும் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். செல்போனை அருவிக்குள் யார் கொண்டுபோவது?

போன சீசனில் பழக்கடை முன்னால் ஈரத்துண்டோடு நின்றேன். கூட்டம் கலைந்து கலைந்து சேர்ந்தது, என் மனைவியைக் காணோம். கடைசியில் பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"பழக்கடைன்னுதான சொன்னேன்? அங்கன போயி ஏன் நின்ன?" என்று கத்தினேன்.

"ஆமா, மறந்துட்டேன். வாங்க போவோம்."

ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிறவள் அவள். அப்படி அடங்கிப் பேசியதுதான் எனக்குப் பயம். பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். மறதி நோய் ஆரம்பிக்கிறதா என்று ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்தே இப்போது ஓரளவு சொல்லிவிடுகிறார்களாம். திருநெல்வேலி நரம்பு டாக்டர் இவளைப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"நீங்களும் கைய நீட்டுங்க, நானும் நீட்டுதேன்" என்றாள் இவள். கண் பரிசோதனைக்குக்கூட ஜோடியாகப் போய்ப் பழகியவர்கள் நாங்கள். தென்காசி லேபில் இருவரும் கொடுத்த ரத்தம் சென்னைக்குப் போயிற்று.

முடிவு வரும்வரை குழம்பில் உப்புக் குறைந்தாலும் எனக்குத் திக்கென்றது. துண்டைக் கட்டிலில் போட்டதற்குப் பழையபடி வைய மாட்டாளா என்று ஏங்கினேன். பக்கத்திலேயே இருக்கிறவளுக்காக ஏங்குவது மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் அந்தப் புரதம் கூடியிருந்தது. "இதை மட்டும் வைத்து முடிவுகட்ட மாட்டோம். ஸ்கேன் பார்க்கணும், நினைவாற்றல் சோதனையும் செய்யணும்" என்றார் டாக்டர். அப்புறம் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "அன்னைக்கு எங்க நிக்கச் சொன்னேன்?"

"பஸ் நிக்க எடத்துலதான்."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா பயந்துருவீயள்லா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. இவள் முகம், குரல், கோபம் எல்லாம் இன்னும் முழுசாக என்னிடம் இருக்கின்றன. இவற்றை எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்பதுதான் தெரியவில்லை. வாய்விட்டே கேட்டுவிட்டேன்: "ஒரு நா நீ யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிட்டுன்னா?"

"போனாப் போவுது. மொதல்லருந்து பொண்ணு பாக்க வாங்க. இந்தத் தடவ சம்மதமா இல்லையான்னு யோசிச்சுச் சொல்லுதேன்."

நான் சிரித்துவிட்டேன். காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.