எத்திராஜ் நிறுத்திய பம்பு

பம்பு இயக்குநர் எத்திராஜ் காலமான செய்தியைப் பட்டினப்பாக்கத்திலிருந்து அவருடைய மருமகன் சைக்கிளில் வந்து சொன்னார். மறுநாள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். "கீழ்ப்படிதல் மிக்க ஊழியர்" என்று தீர்மானம் வாசித்தார்கள். எழுந்து நின்று மௌனம் காத்தேன். அந்தப் பொய்க்கு நான் தர வேண்டிய மௌனம் அதோடு முடிந்தது.

அடையாறு கரைபுரண்ட ஆண்டில் நான் உதவிப் பொறியாளர். பங்களாத் தெரு ஒன்றில் முழங்காலளவு தண்ணீர். அதை டீசல் பம்பால் மழைநீர்க் கால்வாயில் இறைக்க உத்தரவு. கால்வாய் ஆற்றில் சேர்வதாக வரைபடம் காட்டியது. நானும் வரைபடத்தைத்தான் பார்த்தேன்.

பம்பைக் கிளப்புமுன் தண்ணீர் போய்ச் சேரும் இடம்வரை நடந்து பார்த்து வருவது எத்திராஜின் வழக்கம். அன்று செயற்பொறியாளர் அவசரப்படுத்தியதால் கிளப்பிவிட்டுத்தான் நடந்தார். மார்புவரை நனைந்து திரும்பியவர், எஞ்சினை நிறுத்தி, அதைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை உருவித் தோளில் வைத்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டுய்யா நிறுத்தினே?" என்றார் செயற்பொறியாளர்.

"ஆறு கால்வா வாய்க்கு மேல ஓடிக்கினு கீது சார். நாம எறைக்கிறது ஆத்துக்குப் போவல, பள்ளத்துல கீற குடிசைக்குள்ள போய்க்கினு கீது."

"மேப்பில் அப்படி இல்லையே?"

"மேப்பு நனையல சார். அதுக்கு எப்படித் தெரியும்?"

நான் போய்ப் பார்த்தேன். கூரைமேல் அடுப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னா நைனா, உங்க தெருத் தண்ணிய எங்க ஊட்ல ஊத்தத்தான் சர்க்கார் மிஷினா?" என்றாள்.

எத்திராஜ் ஹேண்டிலைத் தரவில்லை. வேறு வழியில்லாமல் பம்பைக் குடிசைப் பக்கம் நகர்த்திய பிறகுதான் தோளிலிருந்து இறக்கினார். கரைக்கு மேலாகக் குழாய் போட்டு நேரே ஆற்றில் இறைத்தோம். குடிசைப் பள்ளம் வடிந்ததும் பங்களாத் தெருவும் கால்வாய் வழியே தானாக வடிந்தது.

அதன்பின் அவருக்குக் குற்றக் குறிப்பாணை போனது. கையெழுத்து என்னுடையது. மேலிடம் சொன்னது, போட்டேன். வருத்தம் தெரிவித்தால் பம்பிலேயே இருக்கலாம் என்று கடிதத்தையும் நானே எழுதி நீட்டினேன்.

"வருந்துறேன்னு எயுதாத சார். வருத்தம் இல்லயே."

கிடங்குக் காவலுக்கு மாற்றினார்கள். சாகும்வரை அவர் கையில் எந்த எஞ்சினையும் தரவில்லை. அவரைத்தான் இன்று கீழ்ப்படிந்தவர் என்கிறார்கள். அன்று அவரோடு தண்ணீரில் நின்ற நண்பர்களே, நடந்தது உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.

தீர்மானம் நேற்று என் கையெழுத்துக்காக மேசைக்கு வந்தது. போடாமல் திருப்பி அனுப்பினேன். எத்திராஜ் கையெழுத்திட மறுத்த அந்த வருத்தக் கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவருடையதென்று நான் வைத்திருப்பது, அதன் அடியில் உள்ள வெற்றிடம்.