ஆபித் பாய் காரும் மீன் எண்ணெயும்

ஆம்பூர்ல யாரை வேணா நிறுத்தி "டிரைவர் கங்காதரன் தெரியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க. "யாரு, மீன் எண்ணெய் கங்காதரனா?"ன்னுதான் திருப்பிக் கேப்பாங்க. முதலாளியோட ஃபாரின் காருக்கு வாங்கின எண்ணெய வேலூர் லாங் பஜார்ல வித்துட்டு, தோலுக்குப் போடற மீன் எண்ணெய இன்ஜின்ல ஊத்திட்டானாம். கார் போன வழியெல்லாம் பூனைங்க பின்னாடியே ஓடி வந்துச்சாம். மாதனூர் வரைக்கும் வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்வான். இல்ல, பள்ளிகொண்டா வரைக்கும்னு இன்னொருத்தன் அடிச்சு விடுவான். பூனைக் கணக்கு ஆளுக்கு ஆள் ஏறும்.

நல்ல கதைதான், டீக்குத் தொட்டுக்கலாம். ஆனா நடந்தது வேற. கங்காதரன் வாயால கொஞ்சம், மெக்கானிக் சாமுவேல் வாயால கொஞ்சம், குழாயடிப் பொம்பளைங்க வாயால நெறையன்னு பொறுக்கிச் சேத்தது இது. கேளுங்க.

கங்காதரன் குடியாத்தத்துக்காரன். வீட்ல எல்லாரும் லுங்கி நெய்றவங்க. இவனுக்கு மட்டும் தறியில உக்காந்தா தூக்கம் வரும், ஸ்டேரிங் புடிச்சா முழிப்பு வரும். லாரியில கிளீனராப் போயி, டிரைவராகி, கடைசியில ஆம்பூர் ஆபித் பாஷாவோட தோல் பதனிடற ஷாப்புக்கு அம்பாசிடர் ஓட்ட வந்து சேந்தான். ஷாப்பு காம்பவுண்டுக்குள்ளயே ஒரு ரூம்பு, ஒரு சமையல்கட்டு, வாசல்ல ஒரு தண்ணிக் குழாய். அதுலயும் உப்பு கரிக்காத நல்ல தண்ணி. அந்த ஊர்ல வாய்ல வெக்கற மாதிரி தண்ணி வாசல்லயே வர்றதுன்னா சும்மாவா? அவன் பொண்டாட்டி பூங்காவனம் அந்தக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வெக்காததுதான் பாக்கி. ஆனா ஒண்ணு. வேலை இருக்கற வரைக்கும்தான் வீடு. வேலை போனா அன்னிக்கே சட்டி பானைய எடுத்துக்கினு வெளிய போவணும்.

எண்பத்தாறுல ஆபித் பாய்க்கு ஒரு ஆசை வந்துச்சு. தோல் வாங்க வர்ற வெள்ளக்காரங்கள அம்பாசிடர்ல கூட்டினு வர்றது கவுரவக் கொறச்சலா தோணுச்சு. மெட்ராஸ்ல ஏதோ ஒரு நாட்டு தூதரகத்துக்காரங்க ஓட்டித் தேச்ச பழைய கார ஏலத்துல எடுத்துட்டாரு. டீசல் வண்டி, டர்போ வெச்சது. அப்பல்லாம் நம்ம பக்கம் டர்போன்னா ஏதோ புது சோப்புன்னு நெனச்சிருப்பாங்க. சமாச்சாரம் இதான்: இன்ஜின் விடற புகை சும்மா போகாம, ஒரு சின்ன சக்கரத்த சுத்திட்டுப் போகும். அது இன்னொரு சக்கரத்த சுத்தும். அது காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து ஜாஸ்தின்னா இழுப்பும் ஜாஸ்தி. ஆனா புகைச் சூட்டுலயும் சுத்தற வேகத்துலயும் அது பழுக்கக் காஞ்சு போகும். ஒரு சின்ன குழாய் வழியா இன்ஜின் எண்ணெய் ஓடிக்கினே இருக்கறதாலதான் அது உசுரோட இருக்கு.

வண்டி பறந்துச்சு. மெட்ராஸ்லேர்ந்து ஆம்பூர் வர்றதுக்குள்ள பாய் ஒரு தூக்கம்கூட முழுசா தூங்கல. கங்காதரன் மீசைய முறுக்கிக்கினு திரிஞ்சான். கொஞ்ச மாசந்தான். அப்புறம் வண்டி விசில் அடிக்க ஆரம்பிச்சுது, நீலமா புகைஞ்சுது, எண்ணெய் குடிச்சுது. வேலூர் தாண்டி சத்துவாச்சாரியில ஹைவே ஓரமா பட்டறை வெச்சிருந்த சாமுவேல் கழட்டிப் பாத்துட்டு, "சக்கரம் உக்காந்திருக்கற தண்டே தேஞ்சு போச்சு. எண்ணெய்தான் சரியில்ல. இன்னாத்த ஊத்தின?"ன்னு கேட்டாரு.

கங்காதரன் ஊத்தினது லாரிக்கு ஊத்தற நாப்பதாம் நம்பர் கெட்டி எண்ணெய். லாங் பஜார்ல சில்லறையா வாங்கினது. அதுல தப்பு கம்மிதான். வாங்கினு வந்த டின்னுதான் வினை. ஷாப்புல தோல மெதுவாக்க மீன் எண்ணெய் போடுவாங்க. அந்தக் காலி டின்னுல சுடுதண்ணி ஊத்தி, சோப்பு போட்டுக் கழுவி, எடுத்துக்கினு போயிருந்தான். நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் அந்த டின்னுதான். அரிசி, தவிடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதுலதான். எவ்ளோ கழுவினாலும் வாடை போகுமா?

பாயோட மச்சான் அப்துல் ஹமீது. ஷாப்புக்கு சாமான் வாங்கிப் போடறவரு. அந்த டின்ன மோந்து பாத்தாரு. மூக்க சுருக்கினாரு. சாயந்திரத்துக்குள்ள பூனைங்க கதையில ஏறிடுச்சு.

"முதலாளி, சத்தியமா டின்னு மட்டுந்தான் மீன் டின்னு. எண்ணெய் நல்ல எண்ணெய்."

"கங்கா, உன்ன திருடன்னு நான் சொல்லல. ஊரு சொல்லுது. வேற டர்போ வாங்கித் தரேன். அதுவும் போச்சுன்னா நீயும் போயிடணும்"ன்னாரு பாய். கத்தவே இல்ல.

மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்கள்ல தேடிப் புடிச்சு இன்னொரு டர்போ கொண்டாந்தாங்க. அன்னிலேர்ந்து கங்காதரன் எண்ணெய்ப் பைத்தியம். ஒருவேளை அந்த டின்னுல ஒட்டிக்கினு இருந்த மீன் எண்ணெய்தான் கெடுத்துடுச்சோன்னு அவனுக்கே ஒரு சந்தேகம். கடை கடையா ஏறி எறங்கினான். ஒருத்தன் ஆமணக்கெண்ணெய் கலக்கச் சொன்னான், ரேஸ் காருக்கெல்லாம் அதானாம். ஒருத்தன் ஏரோப்ளேன் எண்ணெய் வரவெச்சுத் தரேன்னான். இன்னொருத்தன், "கெட்டியா ஊத்து. பழைய வண்டி, கெட்டியா இருந்தாதான் நிக்கும்"ன்னான். எல்லாத்தையும் சாமுவேல் கிட்ட கொண்டு போயி ஒப்பிச்சான்.

"யோவ், நீ வண்டிக்கு எண்ணெய் தேடறியா, வயித்துவலிக்கு மருந்து தேடறியா?"ன்னு சாமுவேல் திட்டினாரு. "கெட்டி எண்ணெய் காலையில சீக்கிரம் மேல ஏறாது. அதுக்குள்ள டர்போ வறண்டு சுத்தும். இருபது நாப்பதுன்னு ரெண்டு நம்பர் போட்டது வாங்கு. மொதல் நம்பர் குளிர்ல இளகறதுக்கு, ரெண்டாவது சூட்டுல தாங்கறதுக்கு. டப்பா மேல டீசல் இன்ஜினுக்குன்னு இருக்கணும், டர்போவுக்கு ஆகுமான்னு கேட்டு வாங்கணும். சீல் ஒடைக்காத டப்பா. மத்த வண்டிக்கு மாத்தறதுல பாதி தூரத்துலயே மாத்திடு. ஃபில்டரும் சேத்து."

நடுவுல ஹமீது பாய் வேற. அவருக்கு ஏர் ஹாரன் வேணும், பட்டை டயர் வேணும், கண்ணாடிக்கு கறுப்பு பேப்பர் வேணும். எல்லாத்துக்கும் மேல, டர்போவுல ஒரு ஸ்க்ரூவ முறுக்கினா காத்து இன்னும் ஜாஸ்தி தள்ளும்னு எவனோ சொல்லிட்டான். "முறுக்குய்யா, பஸ்ஸ எல்லாம் தூக்கிச் சாப்புடும்"னாரு.

"கெழ மாட்டுக்கு சாட்டை எதுக்கு பாய்? ஓடும். ரெண்டு நாள் ஓடும். அப்புறம் தோலு உங்க ஷாப்புக்குதான் வரும்"ன்னாரு சாமுவேல். ஹமீது பாய் மூஞ்சி கறுத்துப் போச்சு. அவரு அத மறக்கல.

கங்காதரன் பாய் கால்ல விழாத குறையா கெஞ்சி, வேண்டியத மட்டும் வாங்கினான். எண்ணெய ஆற வெக்கறதுக்கு ரேடியேட்டர் மாதிரி ஒரு கூலர், பழைய லாரியில கழட்டினது. எண்ணெய் பிரஷர் காட்ற ஒரு மீட்டர். வெடிச்சுப் போன ரப்பர் குழாய்ங்களுக்கு பதிலா புதுசு. தோல் ஷாப்பு தூசிக்கு நல்ல ஏர் ஃபில்டர். அதுக்கப்புறம் ரோட்டப் பாத்தானோ இல்லியோ, மீட்டரப் பாத்துக்கினே ஓட்டினான். "என்ன பாக்கறத விட அந்த முள்ளத்தான் ஜாஸ்தி பாக்குது"ன்னு பூங்காவனம் குழாயடியில சொல்லிச் சிரிச்சுது.

அந்தச் சிரிப்பு மறு வருஷம் மாங்கா சீசன் வரைக்கும் தாங்கல. வாணியம்பாடி தாண்டி வரும்போது, சன்னமா, கொசு மாதிரி, மறுபடியும் அந்த விசில்.

கங்காதரனுக்கு சோறு எறங்கல. எண்ணெய் மட்டம் பாக்கற டிப்ஸ்டிக்க உருவி உருவிப் பாப்பான். எண்ணெய விரல்ல தேச்சு மோந்து பாப்பான். நல்ல எண்ணெய். சீல் ஒடைக்காத டப்பா, அவன் கையால ஒடைச்சு அவன் கையால ஊத்தினது. பின்ன எதுக்கு? பாய் பின்னால உக்காந்திருக்கும்போது விசில் கேக்கக் கூடாதுன்னு ரேடியோவ சத்தமா வெச்சான். "குறைடா"ன்னா குறைப்பான், அப்புறம் தானா இருமுவான். ஒரு மனுசன் எவ்ளோ நாள் இருமிக்கினே வண்டி ஓட்ட முடியும்?

சாமுவேல் டர்போவுக்கு எண்ணெய் போற குழாய கழட்டிப் பாத்தாரு. உள்ள எண்ணெய் இல்ல, கரி. தாளிக்கப் போயி தீஞ்ச கரண்டியில ஒட்டிக்கினு இருக்குமே, அது மாதிரி. எண்ணெய் போற வழியே பாதி அடைஞ்சு கெடந்துச்சு.

"எண்ணெய் நல்லது, கூலர் இருக்குது, பிரஷர் இருக்குது. எனக்கே புரியலடா கங்கா. நீ ஓட்டு, நான் கூட உக்காந்து பாக்கறேன்."

சத்துவாச்சாரியிலேர்ந்து ஆம்பூருக்கு வழக்கம் போல பறந்தாங்க. சாமுவேல் காதத் தீட்டிக்கினு உக்காந்திருந்தாரு. ஹைவேயிலேர்ந்து திரும்பினா ரெண்டு பழக்கடை, ஒரு பள்ளிவாசல், அப்புறம் பாய் வீட்டுத் தெரு. பள்ளிவாசல் முனையில கங்காதரன் டக்குனு சாவியத் திருப்பினான். இன்ஜின் செத்துச்சு. தெரு சரிவுல வண்டி பூனை மாதிரி உருண்டுச்சு. இன்ஜின் இல்லாதப்ப பிரேக்கு கல்லு மாதிரி ஆயிடும்; ரெண்டு காலாலயும் மிதிச்சு, பாய் வீட்டு கேட்டுக்கு நேரா நிறுத்தினான். பெருமையா திரும்பிப் பாத்தான்.

சாமுவேல் தலையில கை வெச்சிருந்தாரு. "யோவ்! எதுக்குய்யா அங்கயே ஆஃப் பண்ண?"

"வழக்கம்ணா. முதலாளியோட அப்பா, பெரிய பாய், படுத்த படுக்கையா கெடக்கறாரு. இன்ஜின் சத்தம் கேட்டா உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. இந்தத் தெருவுல எல்லா வண்டியும் முனையிலயே ஆஃப் பண்ணி உருட்டினுதான் வரும். நான் ஒரு நாள்கூட தவறினதில்ல."

"தினமும்?"

"தினமும்."

"அடப்பாவி. பழுக்கக் காஞ்ச டர்போ அது. இன்ஜின் நின்னா எண்ணெயும் நின்னுடும். உள்ள இருக்கற கொஞ்சம் எண்ணெய் அந்தச் சூட்டுல வெந்து கரியாப் போகும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆற வெச்சு நிறுத்தியிருந்தா போதுமேடா. ரெண்டையும் வறுத்துட்டியேடா."

கங்காதரன் ஸ்டேரிங் மேல நெத்திய வெச்சுக்கினான்.

விசில் ஹமீது பாய் காதுக்கும் போயிருந்துச்சு. அவரு கங்காதரன கார் ஷெட்டுக்கு கூப்ட்டாரு. குரல் தேன் மாதிரி இருந்துச்சு.

"தே பாரு கங்கா. உனக்கு வீடு வேணும், வேலை வேணும். மச்சான் கிட்ட ஒரு வார்த்த சொல்லு. சாமுவேல் கலப்பட எண்ணெய் குடுத்து ஏமாத்திட்டான்னு. போதும். உன்மேல இருக்கற மீன் வாடையும் போயிடும். மீதிய நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து பூங்காவனத்து கிட்ட சொன்னான். அது குழாயடியில குடத்த வெச்சுக்கினு நின்னுச்சு.

"சொல்லிடேன்யா."

"சாமுவேல் பட்டறையில அப்புறம் எவன் வண்டி வுடுவான்?"

"நாம இங்கேர்ந்து போனா நமக்கு எவன் வீடு வுடுவான்? திருடன்னு ஊரே சொல்லுது. அவருக்காச்சும் பட்டறை இருக்குது, கை இருக்குது. உனக்கு இன்னா இருக்குது?"

குடம் நெறஞ்சு வழிஞ்சுது. ரெண்டு பேருமே குழாய மூடல.

மறுநாள் பாய் முன்னாடி போயி நின்னான். ஹமீது பாய் பக்கத்துலயே இருந்தாரு, கண்ணால தூண்டிக்கினு. கங்காதரன் கொட்டிட்டான். டர்போ சூடு, எண்ணெய் நிக்கறது, கரி, முனையில சாவி திருப்பறது, எல்லாம்.

"எண்ணெய் மேலயும் தப்பில்ல முதலாளி, சாமுவேல் மேலயும் தப்பில்ல. முனையில பழக்கடை கிட்ட ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டுட்டு, அப்புறம் ஆஃப் பண்ணி உருட்டினு வந்தா, பெரிய பாய்க்கும் தொந்தரவு இல்ல, டர்போவும் நிக்கும்."

பாய் தாடிய தடவினாரு. "அப்ப நீ திருடல?"

"திருடல முதலாளி."

"மொதல் டர்போவும் நீதான்? ரெண்டாவதும் நீதான்?"

"ஆமா முதலாளி."

"திருடியிருந்தா, இனிமே திருடாதடான்னு சொல்லி வெச்சுக்கினு இருப்பேன், கங்கா. வண்டியே தெரியாதவன் கையில வண்டிய எப்படிக் குடுப்பேன்?"

அன்னிக்கே வீடு காலி. குழாயில கடைசியா ஒரு குடம் புடிச்சுக்கினு பூங்காவனம் மாட்டு வண்டியில ஏறுச்சு. குடியாத்தம் போற வரைக்கும் அந்தக் குடத்த மடியிலேர்ந்து எறக்கல. புது டிரைவர் வந்தான். பழக்கடை கிட்ட ரெண்டு நிமிஷம் நின்னுட்டுதான் தெருவுக்குள்ள போனான். மூணாவது டர்போ வருஷக்கணக்கா ஓடுச்சு. வழி சொன்னவன் யாருன்னு எவனும் கேக்கல. திருடாதவன எதுக்கு பாய் வெளிய தள்ளுவாருன்னு ஊரே பேசிக்கிச்சு. மீன் எண்ணெய் கதை இன்னும் கெட்டியாச்சு.

அதுக்கப்புறம் கங்காதரனுக்கு நல்ல கார் யாரும் குடுக்கல. லுங்கி மூட்டை ஏத்தற டெம்போ ஒண்ணு கெடச்சுது, குடியாத்தத்துக்கும் வேலூருக்கும். லாங் பஜார்ல மூட்டை எறக்கிட்டு டீ குடிக்கும்போது ஒரு கைவண்டிக்காரன் சீண்டினான். "இன்னா மீன் எண்ணெய், டெம்போவுக்கு நெத்திலியா, வஞ்சிரமா?"

கங்காதரன் டீ கிளாஸ கீழ வெச்சான்.

"ஊத்தினது நல்ல எண்ணெய்டா. ரெண்டு டர்போவையும் நான்தான் கொன்னேன், சாவியத் திருப்பி. ஓட்டத் தெரியாதவன்னு சொல்லு, ஒத்துக்கறேன். திருடன்னு சொன்ன, பல்லு இருக்காது."