மூன்றாம் ஓட்டை

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் மூணாம் ஓட்டை. கைக்கடிகார வார் விற்பவர். எந்த வாராக இருந்தாலும் பக்கிளின் முள் மூன்றாவது ஓட்டையில்தான் நிற்க வேண்டும் என்பார். இரண்டில் போட்டால் கையை நெரிக்கும், நான்கில் போட்டால் வளையல் மாதிரி ஆடும். இதைச் சொல்லிவிட்டு விட்டால் பரவாயில்லை. "உன் கைக்கு இந்த வார் சேராது, கழட்டு!" என்று வாங்க வந்தவர் கையிலிருந்தே பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார். இந்த லட்சணத்தில் வியாபாரம்.

பக்கத்திலேயே அவர் தம்பி. ஒரே கண்ணாடி மேஜை, நடுவில் ஒரு பலகை. மாமனார் சாகும்போது தோல் வார் பெரியவனுக்கு, இரும்புச் செயின் சின்னவனுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். தோல் வாரில் இரும்பு மடக்கு லாக் வைத்து ஒரு ரகம் வரும் என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. அந்த ரகக் கடிகாரத்தோடு ஒருவர் வந்த அன்றைக்கு, "தோல் என்னுது", "லாக்கு என்னுது" என்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். கடிகாரத்துக்குச் சொந்தக்காரர் அதை மீட்டுக்கொண்டு ஓடினார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. எனக்கும் ஓரகத்திக்கும் நின்றது. அந்த ஒன்றுதான் லாபம்.

அப்புறம் இவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. பக்கிள் மணிக்கட்டுக்கு அடியில் இருக்கும்; கை கொஞ்சம் திரும்பிக் கொடுத்தால்தான் முள்ளை மாட்டலாம். அந்தக் கை திரும்பாது. ஊருக்கே வார் மாட்டியவர் தினமும் காலையில் என்னிடம் கையை நீட்ட வேண்டியதாயிற்று. அந்த அவமானம் முழுவதும் என் தலையில்தான் விடிந்தது.

"மூணுதானே?" என்பார்.

"மூணேதான்."

"ஒழுங்கா மாட்டு. மாட்டுக்கா கயிறு கட்டற?"

ஒருநாள் எனக்கும் பொறுக்கவில்லை. "தம்பிகிட்ட போய் லாக்கு வாங்கிப் போட்டுக்குங்க. அத ஒரு கையாலயே அமுக்கிக்கலாம். என் உயிர வாங்காதீங்க" என்றேன். போக மாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னேன். போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

தம்பி பலகைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாங்க சார். என்ன வேணும்?"

சார்! கூடப் பிறந்த அண்ணன் சார். அந்த வாயில் நெருப்பை அள்ளிக் கொட்டினால் என்ன என்று இருந்தது. இவர் கடிகாரத்தை மேஜையில் வைத்தார்.

"லாக்கு."

"எத்தனாவது ஓட்டை சார்?"

"தெரியாத மாதிரி கேக்கறான் பாரு."

அவன் கையை நீட்டச் சொல்லவில்லை, அளவும் பார்க்கவில்லை. பக்கிளைக் கழற்றி எறிந்துவிட்டு லாக்கை மாட்டித் தள்ளினான்.

வீட்டுக்கு வந்து இவரே லாக்கை அமுக்கினார். டக்கென்று பூட்டியது. என்னை ஒரு பார்வை பார்த்தார், இனி நீ எதற்கு என்கிற மாதிரி. கதவைத் திறக்கப் போனபோது கடிகாரம் சரசரவென்று இறங்கி விரல் முட்டியில் வந்து நின்றது.

"பாத்தியா! நாலுல போட்டுக் குடுத்திருக்கான். எல்லாரும் பாத்துச் சிரிக்கட்டும்னு. துரோகி!"

லாக்கின் தகடு ஓட்டைகளை மறைத்துவிடும். பிரித்துப் பார்க்க இரண்டு கை வேண்டும். வாங்கி நான் பிரித்தேன். தம்பி மூன்றில்தான் போட்டிருந்தான். அண்ணன் சொல்லிச் சொல்லி அவன் காதில் ஊறிப்போன அதே மூன்று.

அந்தக் கை இளைத்துக்கொண்டே வருகிறது. அவரிடம் சொல்லாமல் நான் இரண்டாவது ஓட்டைக்கு மாறி வெகு நாளாகிவிட்டது. போன வாரம் அதுவும் ஆட ஆரம்பித்து, முதல் ஓட்டைக்கு வந்திருந்தேன். அதற்கு அப்பால் வாரில் ஓட்டை கிடையாது.

"நாலுதானே?" என்றார்.

"நாலுதான். வேணும்னே பண்ணியிருக்கான், பாவி" என்றேன். முதல் ஓட்டைக்கு மாற்றி அவர் கையில் மாட்டினேன். "இப்ப மூணுல இருக்கு."

வலது கையால் அந்தக் கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். கடிகாரம் அசையவில்லை.

"மூணுல போட்டா எப்படி நிக்குது பாரு" என்றார். "அந்த நாய் இனிமே என் மூஞ்சியில முழிக்கக் கூடாது."