காற்று புகுந்த வழி

வண்டிக்கு வயதாகிவிட்டது என்றே நான் நம்பினேன். கணவர் விட்டுச்சென்ற பழைய டீசல் கார், கிளம்பிய பத்தாவது நிமிடம் கரியாஹாட் கடைவீதி நெரிசலில் அணைந்துவிடும். பூஜை விடுமுறைக்கு வந்திருந்த மகன் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஆறுதலாகச் சொல்வான்.

"போதும்மா. வண்டியையும் ஃபிளாட்டையும் வித்துட்டு பெங்களூர் வந்துடு."

வண்டி ஓடும்வரை இங்கேதான் இருப்பேன் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

காளிகாட் சந்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒல்லியானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருப்பார். வங்காள வழக்கப்படி என்னைச் சித்தி என்ற பொருளில் 'மாஷிமா' என்பார். என்ன கோளாறு என்று கேட்கமாட்டார். "கடைசியாகக் கை வைத்தது யார்?" என்பதே எப்போதும் அவருடைய முதல் கேள்வி.

"யாருமில்லை" என்றேன்.

டீசல் எங்கும் ஒழுகவில்லை. அவர் பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். டீசலோடு சிறு குமிழிகள் ஓடின. அவை வந்த வழியே விரலால் தடவிச் சென்று, குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்பில் நிறுத்தினார். அதன் திருகில் புதிய கீறல் பளபளத்தது.

"காற்று இங்கே புகுகிறது, மாஷிமா. அதனால்தான் வண்டி அணைகிறது. இது தானாகத் தளரவில்லை."

விடுமுறைக்கு வந்த அன்று ஆயில் பார்க்கிறேன் என்று பானட்டைத் திறந்தவன் ஒருவன்தான். அவர் திருகை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கிளாம்ப் துருப்பிடித்திருந்தது என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்."

பையனைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

துருதான் என்று மகனிடம் சொன்னேன். என் முகத்தைப் பாராமல் தலையசைத்தான்; மறுநாள் விமானம் ஏறினான்.

வண்டி ஓடுகிறது. வீட்டில் நான் இருக்கிறேன்.